மூட்டும் துன்னமும்

நெமிலிக் கடைத்தெருவில் கைலி வாங்கப் போகிறவருக்குக் காதில் விழும் முதற்கேள்வி, ‘மூட்டினதா, மூட்டாததா?’ என்பது. நீளத் துணியின் இரு ஓரங்களைச் சேர்த்துத் தைத்துவிட்டால், விரிந்து கிடந்த பரப்பு உள்ளும் புறமும் உடைய வளையமாகிவிடுகிறது. அந்த மாற்றத்துக்கு நம் மக்கள் இட்ட பெயர்தான் மூட்டுதல்.

இராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரத்துக் காலணித் தொழிலில் இன்று இதே வேலை கணினித் திரையிலும் நடக்கிறது. தனித்தனிப் பரப்புகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து, காற்றுப் புகாத ஒரே திண்மமாக்க வேண்டும். அதற்கான கட்டளைக்கு, வடிவமைப்பு மென்பொருள்களில் சாலிட்வொர்க்ஸ் ‘நிட்’ என்றும், ஃபியூஷன் ‘ஸ்டிச்’ என்றும், என்எக்ஸ் ‘சியூ’ என்றும் பெயர் வைத்திருக்கின்றன. ஊசியும் நூலும் இல்லாத இடத்திலும் பின்னலும் தையலுமே பெயராய் வந்து நிற்பதைப் பாருங்கள்.

இந்தக் கட்டளைக்குத் தமிழில் நாம் எதைச் சொல்லலாம்? ‘தை’ என்பதில் குத்துதல் உண்டு. முள்ளும் தைக்கும், அம்பும் தைக்கும், சுடுசொல்லும் தைக்கும். திரையிலோ எதையும் யாரும் குத்துவதில்லை. ‘மூட்டு’ இன்னும் பொருத்தம். முழங்கால் மூட்டிலும், வாய் தைத்த மூட்டையிலும், இரண்டு ஒன்றாவதே அச்சொல்லின் உயிர். ‘முட்டு’ என்பதோடு ஒலியாலும் பொருளாலும் உறவாடும் இச்சொல்லின் நெடில், தொடுவதோடு நின்றுவிடாமல் பிணைத்துவிடுகிறது.

அதற்கும் அடியில் ஒரு பழஞ்சொல் கிடக்கிறது: துன்னு. நெருங்குதலும் துன்னுதல், தைத்தலும் துன்னுதல். நெருங்காத பகைவர் துன்னார். தைத்த தையல் துன்னம். பொருநராற்றுப்படையில் வறிய பொருநன் உடுத்திருந்தது, வேறு நூல்கள் ஓடிய துன்னல் கந்தை. சிலப்பதிகாரம் புகாரின் மருவூர்ப்பாக்கத்துக் கைவினைஞரை அடுக்கும்போது, துணி தைப்போரைத் துன்னகாரர் என்றும் தோல் தைப்போரைத் துன்னர் என்றும் அடுத்தடுத்து நிறுத்துகிறது. நம் தோல் வட்டாரத்துக்கு இதைவிட மூத்த முன்னோர் பெயர் வேண்டுமா? ‘காரர்’ என்னும் ஈறு வடக்கிலிருந்து வந்தது. வடமொழியும் தையற்காரரைத் ‘துன்னவாய’ என்னும்; ஆனால் அங்கே ‘துன்ன’ என்றால் குத்தப்பட்டது. நெருக்கம் என்னும் பொருளைத் தாங்கி நிற்பது தமிழ்த் துன்னுதலே.

அந்த நெருக்கந்தான் கணினிக்கும் வேண்டியிருக்கிறது. இரு விளிம்புகள் எவ்வளவு அருகில் இருந்தால் ஒன்றெனக் கொள்ளலாம் என்பதை நாம் முன்கூட்டியே அமைத்துத் தர வேண்டும். தொழிலில் டாலரன்ஸ் என்கிறார்கள். ரைனோ என்னும் மென்பொருளில் சிறு பொருள்களை மில்லிமீட்டரில் வரையும் அமைப்பில் இது 0.001. வரைந்த பரப்புகளின் இடைவெளி இதைவிட மிகுந்தால் விளிம்புகள் வெற்றாய்ப் பிரிந்தே நிற்கும், திண்மம் கிட்டாது. இடைவெளிக்கு இடங்கொடுத்து அளவை மிகத் தளர்த்தினாலோ, மூடாததை மூடியதாய்க் கணக்கிட்டுக்கொண்டு, பின்னர் விளிம்பை வளைவாக்கும்போது பிழை காட்டும்.

கட்டளைக்கு ‘மூட்டு’, அதன் அளவைக்குத் ‘துன்னளவு’ என்று வைத்துக்கொள்வோமா, சொல்லன்பரே? நெருங்குவதையும் தைப்பதையும் ஒரே வினையில் முடிந்து வைத்த மொழிக்கு, நெருங்கினால்தான் தைக்க முடியும் என்பது தெரிந்திருந்தது.