நூல் தெரியும் வரை ஓடலாமா? மலைப்பாதைக்கு டயர் வாங்கும்போது

பொருளாதாரத் தடைக் காலத்தில் கிளிநொச்சியில் அப்பாவின் சைக்கிள் டயர் கிழிந்தால், உள்ளே பழைய டயர்த் துண்டொன்றை வைத்து, வெளியே டியூப் நாடாவால் சுற்றிக் கட்டி ஓடுவார். நூல் தெரியும் வரை ஓடுவது எங்களுக்குப் பழகிப்போன சிக்கனம். 1977 வன்செயலுக்குப் பிறகு கேகாலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பம் நாங்கள். அங்கேயே தங்கிவிட்ட மாமா வீட்டிலும் அதே சிக்கனம்தான் என்பதைக் கடந்த மழைக்காலத்தில் கண்டேன்.

மச்சான் எட்டியாந்தோட்டைக்கு மேலேயுள்ள தோட்டமொன்றில் வெகன்ஆர் கார் வைத்து ஹயர் ஓடுகிறார். இரவில் லயத்தில் யாருக்காவது பிரசவ வலி கண்டால், கரவனெல்ல ஆதார வைத்தியசாலைக்கு இறங்குவது அந்தக் காரில்தான். அதன் முன் டயர் இரண்டும் வழுக்கை. சுற்றிலும் இறப்பர் மரம் நிற்கிற ஊரில்!

அவிசாவளைக்குப் போனோம். கடைக்காரர் 15 அங்குல அலோய் வீலோடு ‘பெர்போமன்ஸ்’ டயர் போடச் சொன்னார். “ரோட்டில ஒட்டிக்கிட்டு ஓடும்” என்றார். மச்சானுக்கும் ஆசை வந்துவிட்டது.

காரில் இருந்த அளவு 155/65 ஆர்14 75எஸ். அகலம் 155 மில்லிமீற்றர். பக்கச்சுவரின் உயரம் அதில் 65 வீதம். ‘ஆர்’ என்பது ரேடியல். ரிம் 14 அங்குலம். 75 என்றால் ஒரு டயர் 387 கிலோ தாங்கும். ‘எஸ்’ என்றால் மணிக்கு 180 கிலோமீற்றர் வேகம் வரை தாங்கும். கடைக்காரர் காட்டியது 165/55 ஆர்15 75வி. சுமை அதேதான். ‘வி’ என்பது 240 கிலோமீற்றர். ஊருக்கு வெளியே காருக்கு 70, நெடுஞ்சாலையில் 100 என்று சட்டம் இருக்கிற நாட்டில் அந்த எழுத்துக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்?

நல்ல பெர்போமன்ஸ் டயர் ஈரத்தில் பிடிக்கும், பிரேக்கும் நன்றாக நிற்கும். அதை மறுக்கவில்லை. ஆனால் அதன் இறப்பர் பெரும்பாலும் மென்மையானது, சீக்கிரம் தேயும். எனக்குப் பெரிய யோசனை பக்கச்சுவர்தான். பழையதில் கிட்டத்தட்ட 10 சென்றிமீற்றர், புதியதில் 9. கல்லும் குழியுமான தோட்டப் பாதையில் அந்த ஒரு சென்றிமீற்றர்தான் ரிம்மைக் காப்பாற்றுகிறது. பக்கச்சுவர் வெட்டுப்பட்டாலோ வீங்கினாலோ ஒட்டுப்போட முடியாது. டயரை மாற்றத்தான் வேண்டும்.

மழையில் முக்கியம் தவாளிப்பின் ஆழம். தவாளிப்புக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். கார் டயரில் அவை 1.6 மில்லிமீற்றர் உயரம். தேய்மானம் அந்த மேட்டைத் தொட்டால் டயர் முடிந்தது. சப்ரகமுவ மழைக்கு அதுவரை காத்திருக்காமல் 3 மில்லிமீற்றரிலேயே மாற்றுவேன்.

பாவித்த ஜப்பான் டயர் மலிவு. வாங்குவதற்கு முன் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் தேடுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. தவாளிப்பு ஆழமாக இருந்தாலும் இறப்பர் வயதாகி இறுகி வெடிக்கும். ‘ஸ்டட்லெஸ்’ என்று எழுதியிருந்தால் தொடவே வேண்டாம். அது பனிக்காலத்துக்குச் செய்த மென்மையான டயர். நம் வெயிலில் கரைந்துபோகும்.

கடைசியில் பழைய அளவிலேயே புதிது இரண்டு வாங்கினோம். அவற்றைப் பின்னுக்குப் போடச் சொன்னேன். “முன் சக்கரம்தானே இழுக்குது?” என்று மச்சான் கேட்டார். ஈரத்தில் முன் டயர் வழுக்கினால் கார் வளையாமல் நேரே போகும். வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் கார் சுழன்றுவிடும். பின்னால் இருந்த இரண்டிலும் பாதித் தவாளிப்பு இருந்ததால் அவை முன்னுக்குப் போயின.

கழற்றிய டயரின் உள்விளிம்பில் கம்பி தெரிந்தது. வீல் எலைன்மன்ட் பிழை, அதையும் சரிசெய்தோம். காற்றின் அளவு சாரதிக் கதவோரத் தகட்டில் இருக்கிறது. காலையில், வண்டி ஓடுமுன் பார்க்க வேண்டும்.

வழுக்கை டயர்களை வீட்டுக்கு ஏற்றப் பார்த்தார் மச்சான். முற்றத்தில் தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு வரும் என்று கடையிலேயே விடச் செய்தேன்.