வாக்கில்லாத இருக்கை: மியாமி-டேட் கவுண்டியில் ஹிஸ்பானியரின் மொழியும் ஆலோசனை வாரியமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியலைப் பற்றிப் பேசும்போது நம் பார்வை பெரும்பாலும் வாஷிங்டனிலேயே நின்றுவிடுகிறது. அங்கு வாழும் எளிய மனிதருக்கோ அரசாங்கம் என்பது இன்னும் அருகில் இருக்கிறது. பொது மருத்துவமனை, காவல், தீயணைப்பு, பேருந்து, சொத்து வரி, வாக்குச்சீட்டு அச்சிடும் அலுவலகம் ஆகியவற்றுட் பல, பெரும்பாலான மாநிலங்களில் ‘கவுண்டி’ எனப்படும் உள்ளாட்சியின் கையில் உள்ளன. அச்சொல்லை மாவட்டம் என்று மொழிபெயர்க்கலாம். ஆயினும் மேலிருந்து அனுப்பப்படும் ஆட்சியர் ஒருவரின் கீழ் இயங்கும் மாவட்டம் அன்று அது. மக்கள் தேர்ந்தெடுக்கும் சிறியதோர் அவை அதனை ஆள்கிறது. நாடெங்கும் 3,000-க்கும் மேற்பட்ட கவுண்டிகள் இருக்கின்றன. அவற்றுட் சிலவற்றில், ஸ்பானிய மொழி பேசும் நாடுகளை வேராகக் கொண்ட ஹிஸ்பானியரின் கருத்தை ஆளும் அவைக்கு எடுத்துரைக்கவென்றே ஆலோசனை வாரியங்கள் அமைக்கப்பட்டுள்ளன. அவ்வாரியங்களால் ஆவது என்ன, ஆகாதது என்ன என்பதே இவ்வுரையின் பொருள். ஃபுளோரிடா மாநிலத்தின் தென்கோடியில் மியாமி நகரை உள்ளடக்கிய கவுண்டியை இதற்கு எடுத்துக்கொள்கிறேன். ஒரு மொழிக்கு இடம் தருவதா மறுப்பதா என்ற வினா அங்குப் போல் வெளிப்படையாக வாக்கெடுப்புக்கு வந்த இடங்கள் சிலவே.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். ஹவானாவிலிருந்து வந்தவர் தம்மைக் கியூபர் என்பார். சான் ஹுவானிலிருந்து வந்தவர் போர்ட்டோ ரிக்கர் என்பார். தெற்கு டெக்சஸில் எத்தனையோ தலைமுறையாக வாழ்பவர், எல்லைக்கோடுதான் எங்களைத் தாண்டிச் சென்றது, நாங்கள் அதனைத் தாண்டி வரவில்லை என்பார். இவர்கள் அனைவரையும் ஒரே குடைக்கீழ் நிறுத்திய சொல் பெரிதும் அரசாங்க ஏடுகளின் வழியே பரவியது. 1970-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஸ்பானிய வழியினரா என்ற வினா இருபதில் ஒரு வீட்டாரிடமே கேட்கப்பட்டது. ஸ்பானிய வழியினரின் நிலை பற்றிய புள்ளிவிவரங்களைத் தனியே திரட்ட வேண்டுமெனக் காங்கிரஸ் 1976-இல் சட்டம் இயற்றியது; மறு ஆண்டு ‘ஹிஸ்பானியர்’ என்பது அரசின் வரையறைகளுள் ஒன்றாயிற்று; 1980-இல் அவ்வினா எல்லா வீடுகளுக்கும் சென்றது. எண்ணப்படாத மக்களுக்கு இடம் கேட்பது கடினம். இப்பெயரைக் குறைகூறுவோர் அதனையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

இனி மியாமிக்கு வருவோம். டேட் என்பதே அக்கவுண்டியின் பழைய பெயர். மியாமி-டேட் என மாறியது 1997-இல். 1957-இல் ஏற்கப்பட்ட தன்னாட்சிச் சாசனத்தின்படி, ஃபுளோரிடாவின் பிற கவுண்டிகளுக்கு அன்று இல்லாத அதிகாரங்கள் அதற்குக் கிட்டின. ஈராண்டு கழியுமுன் கியூபாவில் புரட்சி வென்றது. 1960-இல் டேட் கவுண்டியில் ஏறத்தாழ இருபதில் ஒருவரே ஹிஸ்பானியர். 1970-இல் நால்வரில் ஒருவரை நெருங்கினர். 1980-இல் மூவரில் ஒருவருக்கும் மேலாயினர். இருபது ஆண்டுகளில் ஓர் ஊரின் தெருப்பேச்சே மாறியது.

தொடக்கத்தில் கவுண்டி இம்மாற்றத்தைப் பெருந்தன்மையோடு எதிர்கொண்டது என்றே சொல்ல வேண்டும். கோரல் வே தொடக்கப்பள்ளியில் 1963-இல் ஆங்கிலமும் ஸ்பானியமும் சமமாகப் பயிற்றுமொழிகளாயின. அந்நாட்டின் அண்மைக்கால இருமொழிப் பொதுப்பள்ளிகளுக்கு அதுவே முன்னோடி. அதே ஆண்டில் இனங்களிடையே நல்லுறவு பேணச் சமூக உறவுகள் வாரியம் தோன்றியது. 1973 ஏப்ரல் 16 அன்று கவுண்டியின் ஆணையர் அவை டேட் கவுண்டியை இருமொழிக் கவுண்டியாக அறிவித்து, ஸ்பானியத்தை இரண்டாம் அலுவல்மொழியாக ஏற்றது. அறிவிப்புகளும் துண்டறிக்கைகளும் இரு மொழிகளில் வெளிவரலாயின.

அத்தீர்மானத்தை நிறைவேற்றிய ஒன்பது பேருள் ஒருவரேனும் ஹிஸ்பானியர் அல்லர். இச்சிறு செய்தியை வரலாற்றாசிரியர் பலர் கடந்து சென்றுவிடுகின்றனர். எனக்கோ பின்னர் நிகழ்ந்த அனைத்துக்கும் திறவுகோல் இதுவெனத் தோன்றுகிறது. ஸ்பானியத்துக்கு அன்று கிடைத்தது பிறர் மனமுவந்து வழங்கிய இடம். வழங்கியவர் மனம் மாறினால் அதனைக் காத்து நிற்க அவ்வவையில் ஆளில்லை.

மனம் மாறும் காலமும் வந்தது. 1980 ஏப்ரலில் கியூபாவின் மாரியேல் துறைமுகம் திறக்கப்பட்டது. சில மாதங்களில் ஏறத்தாழ 1,25,000 பேர் படகுகளில் ஃபுளோரிடாவை அடைந்தனர். மே மாதத்தில், ஆர்தர் மக்டஃபி என்ற கறுப்பினத்தவரின் மரணம் தொடர்பான வழக்கில் முன்னாள் காவலர்கள் விடுவிக்கப்பட்டதும் மியாமியில் கலவரம் மூண்டு உயிர்கள் மடிந்தன. அதே பருவத்தில் ஹைட்டியிலிருந்தும் அகதிகள் வந்துகொண்டிருந்தனர். அச்சமும் சினமும் கலந்த அந்தக் கோடையில், இருமொழிக் கொள்கையை ஒழிக்கக் கோரும் மனுவுக்குச் சில வாரங்களிலேயே தேவைக்கு மிகுதியான கையொப்பங்கள் திரண்டன. நவம்பர் 4-ஆம் நாள், அதிபர் தேர்தலோடு அதுவும் வாக்கெடுப்புக்கு வந்தது. ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் ஆதரித்தனர். ஆங்கிலம் அல்லாத எந்த மொழியையும் பயன்படுத்தவோ, அமெரிக்கப் பண்பாடு அல்லாத எந்தப் பண்பாட்டையும் வளர்க்கவோ கவுண்டியின் பணத்தைச் செலவிடலாகாது என்பது அப்புதிய சட்டத்தின் சாரம்.

சட்டம் பேசியது செலவைப் பற்றி; தொட்டது மக்களின் அன்றாட வாழ்வை. மருத்துவமனையின் சிகிச்சை விளக்கம், முதியோர்க்கான உதவி அறிவிப்பு, சுற்றுலாப் பயணியைக் கவரும் விளம்பரம் ஆகியவற்றை வேறு மொழியில் தருவதும் கேள்விக்குள்ளானது. 1984-இல் மருத்துவம், அவசரச் சேவை, சுற்றுலா, முதியோர், உடற்குறையுடையோர் ஆகிய துறைகளுக்கு விலக்களித்துச் சட்டத்தைத் திருத்த நேர்ந்தது. அத்திருத்தமே தடையின் கடுமைக்குச் சான்று. வாக்குச்சீட்டு மட்டும் தப்பியது. வாக்குரிமைச் சட்டத்தில் 1975-இல் சேர்க்கப்பட்ட மொழிச் சிறுபான்மையினர் பாதுகாப்பு கூட்டாட்சியின் ஆணை. கவுண்டியின் தடை அதனைத் தீண்ட முடியவில்லை. 1988-இல் ஃபுளோரிடா மாநிலமே ஆங்கிலத்தைத் தன் அலுவல்மொழியாக அரசமைப்பில் எழுதிக்கொண்டது. வாக்களித்தோரில் ஐவரில் நால்வருக்கும் மேற்பட்டோர் அதற்கு இசைந்தனர்.

மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கினர் ஏன் தம் மொழியைக் காக்க இயலவில்லை? அவர்களுட் பலர் இன்னும் குடியுரிமை பெறாதவர்கள் என்பது ஒரு காரணம். தேர்தல் முறை மற்றொன்று, அதுவே ஆழமானது. ஆணையர் எட்டுப் பேரும் தத்தம் வட்டாரத்தில் குடியிருக்க வேண்டும். ஆனால் அவர்களையும் மேயரையும் கவுண்டி முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும். தம் வட்டாரத்தார் எவ்வளவு திரண்டு வாக்களித்தாலும், கவுண்டியின் பெரும்பான்மை வேறாயின் வேட்பாளர் தோற்பார். அணையின் ஒரு மதகில் எவ்வளவு நீர் வந்தாலும் ஏரி முழுவதும் பரவி மட்டம் தெரியாமற்போவது போன்றது அது. 1990-களின் தொடக்கத்தில், ஹிஸ்பானியர் ஏறத்தாழப் பாதியாகிவிட்ட பின்னரும், அவையில் ஹிஸ்பானியர் ஒருவரும் கறுப்பினத்தவர் ஒருவருமே இருந்தனர்.

இந்த இடைவெளியை நிரப்பவென அமைக்கப்படுவனவே ஆலோசனை வாரியங்கள். மியாமி-டேட் கவுண்டியில் ஹிஸ்பானியர் விவகார ஆலோசனை வாரியம் ஒன்று உண்டு. கறுப்பினத்தவர்க்கும், ஆசிய அமெரிக்கர்க்கும், மகளிர்க்கும் அவ்வாறே தனித்தனி அமைப்புகள் உள்ளன. உறுப்பினர்களை ஆணையர்கள் நியமிக்கின்றனர். ஊதியம் இல்லை. கூடுகின்றனர், விவாதிக்கின்றனர், கூட்டக் குறிப்பு எழுதப்படுகிறது, பரிந்துரை ஆணையர் அவைக்குச் செல்கிறது. அவை அதனை ஏற்கலாம், ஒத்திவைக்கலாம், படிக்காமலும் விடலாம்.

ஏளனம் செய்வது எளிது. ஆயினும் இவ்வாரியங்களுக்கு இரண்டு வலிமைகள் உண்டு. ஒன்று, திறந்த கதவு. ஃபுளோரிடாவில் 1967-இல் இயற்றப்பட்ட திறந்த ஆட்சிச் சட்டம் ஆலோசனை வாரியங்களையும் கட்டுப்படுத்துகிறது: கூட்டம் முன்னறிவிப்போடு பொதுமக்கள் முன்னிலையில் நடைபெற வேண்டும், இரு உறுப்பினர் வாரியத்தின் பொருளைப் பற்றித் தனியே பேசி முடிவெடுப்பதும் குற்றம். ஆகவே, குடியிருப்பு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் இல்லை என்று ஒருவர் அங்கு எழுந்து சொன்னால் அது பதிவேட்டில் ஏறுகிறது. அதிகாரி பிற்காலத்தில் ‘தெரியாது’ என்று சொல்ல இயலாது. மற்றொன்று, அவை உறுப்பினர் பதவிக்குப் போட்டியிடும் பொருளோ புகழோ இல்லாத ஆசிரியரும் செவிலியரும் சிறுவணிகரும் ஆட்சியின் நடைமுறையைப் பழகிக்கொள்ளும் பள்ளியாக அது அமைகிறது.

குறையும் அதே அமைப்பிலிருந்தே பிறக்கிறது. நியமிப்பவர் ஆணையர், ஆகவே வாரியம் யாருக்கு அறிவுரை கூற வேண்டுமோ அவருக்கே தன் இருப்புக்குக் கடன்பட்டது. சமூகம் தன் பேராளரைத் தெரிவு செய்வதில்லை; ஆட்சி தனக்கு இசைந்த பேராளரைச் சமூகத்திலிருந்து தெரிவு செய்கிறது. இரண்டுக்கும் உள்ள தொலைவு சிறிதன்று.

லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியின் கதை இதனை இன்னும் தெளிவாக்கும். 1980-இல் அங்கு நால்வரில் ஒருவருக்கும் மேல் ஹிஸ்பானியர். ஆலோசனை ஆணையங்களும் குழுக்களும் நூற்றுக்கும் மேல். ஆளும் ஐவர் அவையிலோ 20-ஆம் நூற்றாண்டில் அதுவரை ஹிஸ்பானியர் ஒருவரும் தேர்ந்தெடுக்கப்பட்டதில்லை. கார்சா வழக்கில் 1990-இல் கூட்டாட்சி நீதிமன்றம், ஹிஸ்பானியரின் வாக்கு சிதறும் வண்ணம் எல்லைகள் வேண்டுமென்றே வரையப்பட்டன என்று தீர்ப்பளித்தது. எல்லைகள் மாற்றி வரையப்பட்டு நடந்த 1991-ஆம் ஆண்டுத் தேர்தலில் குளோரியா மொலினா வென்று ஐவருள் ஒருவரானார். அத்தனை குழுக்களாலும் பெற இயலாத ஓர் இருக்கையை ஒரு வரைபடம் பெற்றுத் தந்தது.

மியாமியிலும் மாற்றம் நீதிமன்றத்தின் வழியே வந்தது. கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும் இணைந்து தொடுத்த வழக்கு அது. முதல் வழக்காளி கேரி மீக், 1992-இல் காங்கிரசுக்குத் தேர்வான கறுப்பினப் பெண்மணி. கவுண்டி முழுவதும் வாக்களிக்கும் முறை வாக்குரிமைச் சட்டத்துக்கு முரணானது என அவ்வாண்டே தீர்ப்பாயிற்று. ஒன்பது இருக்கைகள் பதின்மூன்றாயின; ஒவ்வொன்றையும் அதனதன் வட்டாரமே தேர்ந்தெடுத்தது. 1993-இல் கூடிய புதிய அவையில் அறுவர் ஹிஸ்பானியர், நால்வர் கறுப்பினத்தவர், மூவர் பிற வெள்ளையர். மே மாதத்திலேயே அவ்வவை 1980-ஆம் ஆண்டின் மொழித்தடையை ஒருமனதாக நீக்கியது. தடையை நீக்கும் அதிகாரம் முந்தைய அவைக்கும் இருந்தது. 1984-இல் அதனைத் திருத்தியதும் அவ்வவையே. எழுதுகோல் மாறவில்லை, அதனைப் பிடித்த கைகளே மாறின.

இருமொழித் தீர்மானத்துக்கும் தடை நீக்கத்துக்கும் இடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகள். ஒரு குழந்தை பிறந்து வளர்ந்து முதல்முறை வாக்களித்துவிடும் காலம்.

2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மியாமி-டேட் கவுண்டியின் 27 இலட்சம் மக்களுள் ஹிஸ்பானியர் 68.7 விழுக்காட்டினர். ஆணையர் அவையில் அவர்களே பெரும்பான்மை. பின் எதற்கு இன்னும் ஓர் ஆலோசனை வாரியம்? இவ்வினாவைக் கவுண்டியே கேட்கிறது: வாரியங்கள் யாவும் குறிப்பிட்ட கால இடைவெளியில், அமைக்கப்பட்ட நோக்கத்தை இன்றும் நிறைவேற்றுகின்றனவா, அப்பணியை வேறோர் அமைப்பு செய்ய இயலாதா என்று எழுத்தில் விடையளிக்க வேண்டும். பெரும்பான்மையான பின்பு ஹிஸ்பானியர் என்ற அந்த ஒற்றைச் சொல்லின் தையல்கள் தளரத் தொடங்குகின்றன என்பதே என் கருத்து. அவையில் அமர்ந்தோருட் பெரும்பாலோர் கியூப வழியினர். பின்னாளில் வந்த நிக்கராகுவர், ஹோண்டுராஸ் நாட்டார், வெனிசுவேலர் ஆகியோரின் குடியேற்ற நிலையும் வருமானமும் குறைகளும் வேறு. ஸ்பானியமே தெரியாத மாயா மொழியினரும் குவாத்தமாலாவிலிருந்து தென் ஃபுளோரிடாவுக்கு வந்துள்ளனர். ஏட்டில் அவர்களும் ஹிஸ்பானியர். வாக்கில்லாத இருக்கை யாருக்கு இன்று மிகவும் தேவைப்படுகிறது என்று தேடினால், இவர்களிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

1980-ஆம் ஆண்டுத் தடை வாயடைத்த மற்றொரு மொழியும் உண்டு. ஹைட்டியரின் கிரியோல் மொழி வாக்குரிமைச் சட்டத்தின் மொழிப் பாதுகாப்புக்குள் வராதது. அது பேசுவோர் அக்கவுண்டியில் சிறுபான்மையினர். ஆயினும் இன்று மியாமி-டேட் கவுண்டியின் வாக்குச்சீட்டு ஆங்கிலம், ஸ்பானியம், கிரியோல் ஆகிய மூன்று மொழிகளில் அச்சாகிறது. மூன்றாவது மொழிக்கு ஆணையிட்டது கவுண்டியின் சொந்தச் சட்டம்.