பாதி பைனாகுலர்: டெலி கன்வெர்ட்டர் என்ற ஏழைகளின் லென்ஸ்

போன வாரம் பரணைச் சுத்தம் பண்ணும்போது ஒரு பழைய ஷூ டப்பா கீழே இறங்கிச்சு. உள்ளே என்னோட கேனான் ஏ620 கேமரா, அதன் மூக்கில் மாட்டுற குழாய் ஒண்ணு, கூடவே கனமான ஒரு கண்ணாடிக் கட்டை. ஒன்பதாவது படிக்கிற பையன் அந்தக் கட்டையைக் கண்ணில் வெச்சுப் பார்த்துட்டு, "என்னப்பா இது, பாதி பைனாகுலரா?" ன்னான்.

சிரிச்சேன். ஆனா யோசிச்சுப் பார்த்தா பயல் சொன்னது நூத்துக்கு நூறு சரி. அந்தப் பாதி பைனாகுலரின் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் சொந்தக்கதை. பொறுத்துக்குங்க :-)

1608-ல் ஹாலந்தில் ஹான்ஸ் லிப்பர்ஷே என்ற கண்ணாடிக்காரர் தொலைநோக்கிக்குக் காப்புரிமை கேட்டார். அடுத்த வருஷமே கலிலியோ அதை மேம்படுத்தி வானத்தைப் பார்த்தார். அமைப்பு ரொம்ப எளிசு. முன்னால ஒரு குவிலென்ஸ், பின்னால ஒரு குழிலென்ஸ். தலைகீழா இல்லாம நேரான பிம்பம் கிடைக்கும், குழாயும் குட்டையா இருக்கும். கேமராவுக்கு முன்னாடி திருகுற டெலி கன்வெர்ட்டர் அடிப்படையில் இதே கலிலியோ தொலைநோக்கிதான். நம்ம கண் இருக்க வேண்டிய இடத்தில் கேமரா லென்ஸ் இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

போட்டோ எடுக்கிறதுக்கே தனி டெலிபோட்டோ லென்ஸ் வந்தது 1891-ல். இங்கிலாந்தில் தாமஸ் டால்மேயர், ஜெர்மனியில் அடால்ஃப் மீதே, ஸ்டைன்ஹைல் என மூணு பேர் தனித்தனியா அதே முடிவுக்கு வந்தாங்க. ஆனா அதெல்லாம் லென்ஸைக் கழட்டி மாட்டுற கேமரா வெச்சிருந்தவங்களுக்கு. லென்ஸ் கழட்ட முடியாத கேமராக்காரன் என்ன பண்ணுவான்? அவனுக்காக வந்ததுதான் இந்த ஒட்டு லென்ஸ். ரோலைஃப்ளெக்ஸுக்கு ஸைஸ் கம்பெனி 'மியூட்டார்' போட்டது. 1966-ல் வந்த யாஷிகா எலக்ட்ரோ 35-க்கும் முன்னால திருகுற டெலி லென்ஸ் உண்டு. எங்க சித்தப்பா சிங்கப்பூரில் இருந்து கொண்டு வந்த யாஷிகாவோட அது தோல் பெட்டியில் வந்தது. ஒரு தடவைகூட வெளியே எடுக்கல. "கீறல் விழுந்துடும்டா" ன்னு சொல்லியே காலம் போச்சு.

ஒட்டு வேலைன்னு பேச்சு வந்தா நம்மூர் மா. கிருஷ்ணனைச் சொல்லாம இருக்க முடியாது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912-ல் பிறந்தவர், மயிலாப்பூர்வாசி. 1950-லிருந்து 1996-ல் மறையும் வரை 'தி ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கை பற்றிப் பத்தி எழுதினார். யானையையும் காட்டெருமையையும் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். அவரோட கேமராவுக்கு அவர் வெச்ச பேர் 'சூப்பர் பாண்டரோசா'. ஒரு கம்பெனியின் உடல், இன்னொரு கம்பெனியின் டெலி லென்ஸ், மிச்சமெல்லாம் அவரே சேர்த்துக் கட்டினது. அதைப் பார்த்த இ.பி. ஜீ என்ற இன்னொரு கானுயிர் படக்காரர் அசந்துபோய் எழுதியிருக்கார். அது கன்வெர்ட்டர் இல்லை, வேற ரகம். ஆனா குணம் ஒண்ணுதான்: காசு இல்லேன்னு கையைக் கட்டிக்கிட்டு உட்காராத குணம்.

டிஜிட்டல் கேமரா வந்தப்போ இந்தப் பழைய வித்தைக்கு மறுபிறவி. 1999-ல் வந்த நிக்கான் கூல்பிக்ஸ் 950-ன் லென்ஸில் 28 மி.மீ. மரை இருந்தது. டிஇ-ஈ2 மாதிரி... சே, டிசி-ஈ2 என்ற 2 மடங்கு கன்வெர்ட்டரை அதில் திருகலாம். அதே வருஷம் மலேசியாவில் லாரன்ஸ் போ என்ற பறவை ஆர்வலர், அந்த கேமராவைத் தன் தொலைநோக்கியின் கண்பகுதியில் வெச்சுப் படம் எடுத்து உலகத்துக்கே காட்டினார். 'டிஜிஸ்கோப்பிங்' பரவினது அப்படித்தான்.

இனி தாம்பரம். 2006-ல் ஏ620 வாங்கினேன். 7.1 மெகாபிக்சல், 4 மடங்கு ஜூம், அதாவது பழைய ஃபிலிம் கணக்கில் 35-லிருந்து 140 மி.மீ. வீட்டு விசேஷத்துக்கு அது தாராளம். ஆனா ஞாயித்துக்கிழமை காலையில் வேளச்சேரி ரோட்டைப் பிடிச்சு, சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம் தாண்டிப் பள்ளிக்கரணையில் வண்டியை ஓரங்கட்டினா, 140 எல்லாம் எந்த மூலைக்கு? நீளவால் இலைக்கோழி ஒரு புள்ளி. பூநாரைக் கூட்டம் ஒரு கோடு. எஸ்.எல்.ஆரும் 300 மி.மீ. லென்ஸும் வாங்குற வசதி அன்னிக்கு எனக்கில்லை.

பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில், பேர் தெரியாத 2 மடங்கு கன்வெர்ட்டர். மேல 'ப்ரொஃபெஷனல்' ன்னு தங்க எழுத்து. கடைக்காரர், "சார், கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க" ன்னார். நிஜமாவே கண்ணை மூடிட்டுத்தான் வாங்கியிருக்கேன். கொக்கைச் சுத்தி ஊதா ஜரிகை, ஓரமெல்லாம் குழைஞ்ச சாதம். தொள்ளாயிரம் ரூபா அம்பேல்.

அந்தச் சூட்டில் கத்துக்கிட்டது இவ்வளவு:

1. மடங்கைப் பார்த்து மயங்காதீங்க. நல்ல கம்பெனிகள் பெரும்பாலும் 1.5, 1.7, 1.75 மடங்கோட நின்னதுக்குக் காரணம் இருக்கு. மடங்கு ஏற ஏற நிறப்பிழையைத் திருத்த அதிகக் கண்ணாடி வேணும், விலையும் எடையும் கூடும்.

2. முதல்ல குழாய், அப்புறம் லென்ஸ். ஏ620-க்கு முன்வளையத்தைக் கழட்டிட்டு 58 மி.மீ. குழாய் மாட்டணும். கன்வெர்ட்டர் எடையைத் தாங்குறது அந்தக் குழாய்தான். நீளுற லென்ஸ் மேலயே மாட்டினா மோட்டார் காலி.

3. ஜூமை முழுசா நீட்டிட்டு எடுங்க. அகலக் கோணத்தில் மூலையெல்லாம் கறுத்துடும்.

4. வெளிச்சம் பத்திப் பயம் வேண்டாம். எஸ்.எல்.ஆருக்குப் பின்னால மாட்டுற 2 மடங்கு கன்வெர்ட்டர் ரெண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும். முன்னால மாட்டுறது, அதன் முன்கண்ணாடி போதுமான அளவு பெரிசா இருந்தா, அநேகமா ஒண்ணும் தின்னாது. கை நடுக்கம்தான் எதிரி.

5. கடையிலேயே சோதனை. கன்வெர்ட்டர் இல்லாம ஒரு படம், மாட்டி ஒரு படம். முதல் படத்தை வெட்டிப் பெரிசாக்கி ரெண்டாவதோட ஒப்பிடுங்க. 7.1 மெகாபிக்சலில் 1.7 மடங்குக்கு வெட்டினா சுமார் 2.5 மிஞ்சும். அந்தத் துண்டைவிடக் கன்வெர்ட்டர் படம் தெளிவா இல்லேன்னா வாங்காதீங்க. தொள்ளாயிரம் ரூபா பாடம் இதுதான்!

கடைசியில் ஒலிம்பஸ் டிகான்-17 பழசு ஒண்ணு நண்பர் மூலமா கிடைச்சது. 1.7 மடங்கு. ஆனா மரை 55 மி.மீ., என் குழாய் 58. குரோம்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். "அண்ணே, இந்தப் பக்கம் 58, அந்தப் பக்கம் 55, ரெண்டுக்கும் 0.75 பிட்ச்" ன்னு காட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "பம்பு செட்டுக்கா சார்?" ன்னார். ரெண்டு நாள் கழிச்சு அலுமினிய வளையம் கச்சிதமா வந்தது. எங்க ஊர் சூப்பர் பாண்டரோசா பிறந்தது அப்படித்தான்.

140-ஐ 1.7-ஆல் பெருக்கினா 238 மி.மீ. குழாய் வியூஃபைண்டரை மறைக்கும், அதனால திரையைப் பார்த்தே எடுக்கணும். ஷட்டர் 1/250-க்குக் கீழ போகக் கூடாது. மூணு ஞாயிறு கழிச்சு அந்த இலைக்கோழி கிடைச்சது. பத்திரிகைத் தரமில்லை. ஆனா வால் வளைவும் பிடரியின் பொன் மஞ்சளும் தெரிஞ்சது. இது இன்ன பறவைன்னு அடிச்சுச் சொல்ல அது போதும்.

இந்தக் கன்வெர்ட்டர்களைக் கொன்னது சூப்பர் ஜூம். 2002-ல் பானாசோனிக் எஃப்ஸெட்1 12 மடங்கோட வந்தது. 2015-ல் நிக்கான் பி900, 83 மடங்கு. அப்புறம் செல்போன் வந்து காம்பாக்ட் கேமராவையே விழுங்கிடுச்சு. வேடிக்கை என்னன்னா, 2025-ல் விவோ எக்ஸ்200 அல்ட்ரா போனுக்கு ஸைஸ் பேரில் 2.35 மடங்கு ஒட்டு லென்ஸ் வந்தது. செத்தது திரும்ப எழுந்திருச்சிருக்கு.

பள்ளிக்கரணையில் 317 ஹெக்டேரை 2007-ல் காப்புக்காடா அறிவிச்சாங்க. 2022-ல் ராம்சார் பட்டியலில் சுமார் 1,247 ஹெக்டேர் சேர்ந்தது. நல்ல விஷயம். ஆனா நான் படம் எடுத்த அந்த ரோட்டோரக் குட்டை இப்போ இல்லை, அடுக்குமாடி நிக்குது. அங்கே இலைக்கோழி இருந்ததுன்னு சொன்னா பையன் நம்பல. ஹார்ட் டிஸ்கைத் தேடி அந்தப் படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாம பார்த்தான்.

"ஞாயித்துக்கிழமை போலாமாப்பா?" ன்னான். லேத் வளையத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வெச்சிருக்கேன்.

உங்க வீட்டுப் பரணிலும் ஒரு பாதி பைனாகுலர் தூங்கிட்டு இருந்தா எழுப்பிப் பாருங்க. ஓரம் கொஞ்சம் குழைஞ்சாலும் பரவாயில்லை.