சிரிப்பூட்டும் வாயுவும் ஸ்பார்க் டைமிங்கும்: ஒரு குட்டி வரலாறு

எலும்பு முறிவுப் பிரிவில் வேலை பார்த்த எந்த டாக்டரைக் கேட்டாலும் "சோஃபர்ஸ் ஃபிராக்சர்" தெரியும்னு சொல்வார். மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம் இருக்கிற ஆரை எலும்பின் நுனி உடைவது. இன்னைக்கு பைக்கிலிருந்து விழுந்து கையை ஊன்றியவங்களுக்குத்தான் இதை அதிகம் பார்க்கிறோம். அப்புறம் ஏன் இதுக்கு கார் டிரைவர் பேரு?

ஏன்னா ஒரு காலத்தில் காரை ஸ்டார்ட் பண்றதே கை உடையற வேலை.

1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி காரை எடுத்துக்கோங்க. ஸ்டியரிங்குக்குக் கீழே இடது பக்கம் ஒரு சின்ன லீவர். ஸ்பார்க் பிளக் எப்போ பொறி விடணும்னு டிரைவரே அதை வச்சு முடிவு பண்ணணும். முன்னாடி போய் இரும்புக் கைப்பிடியைச் சுத்தறதுக்கு முன்னால லீவரை மேலே தள்ளி வைக்கணும், அதாவது பொறி தாமதமா வரணும். மறந்துட்டா? பிஸ்டன் மேலே ஏறி முடிக்கும் முன்பே நெருப்பு பிடிச்சு அதைக் கீழே உதைக்கும். கைப்பிடி எதிர்ப்பக்கமா சுழன்று மணிக்கட்டில் அடிக்கும். சோலி முடிஞ்சது. 1912 கேடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்த பிறகுதான் இந்தத் தொல்லை குறைய ஆரம்பிச்சது.

சரி, எப்பவுமே தாமதமாவே பொறி விட்டா என்ன? அங்கதான் விஷயம் இருக்கு.

பெட்ரோல் கலவை ஒரே நொடியில் வெடிக்கிறதில்லை. பிளக்கில் தொடங்கின சுடர் சிலிண்டர் முழுக்கப் பரவ சில மில்லி விநாடி ஆகும். 3000 ஆர்.பி.எம்-ல் கிராங்க் ஒரு மில்லி விநாடிக்கு 18 டிகிரி சுத்துது. 6000-ல் 36 டிகிரி. பிஸ்டன் உச்சியைத் தாண்டி சுமார் 15 டிகிரி இறங்கும்போது அழுத்தம் உச்சத்தில் இருந்தா முழு சக்தி கிடைக்கும். அதுக்கு, உச்சிக்கு வரும் முன்பே பொறி விட்டாகணும். மெக்கானிக் "டைமிங் அட்வான்ஸ்"னு சொல்றது இதைத்தான்.

இப்போ எங்க ஊர் ஆளுக்கு வர்றேன். மயக்க மருந்து நிபுணரின் நீல சிலிண்டர், நைட்ரஸ் ஆக்சைடு, சிரிப்பூட்டும் வாயு.

1772-ல் ஜோசப் பிரீஸ்ட்லி கண்டுபிடிச்சார். 1799-ல் பிரிஸ்டலில் ஹம்ப்ரி டேவி தானே இழுத்துப் பார்த்து, அறுவை சிகிச்சைக்கு உதவலாம்னு 1800-லேயே புத்தகத்தில் எழுதினார். யாரும் கண்டுக்கல. நாற்பது வருஷத்துக்கு மேல அது வெறும் கேளிக்கை. 1844-ல் ஹோரஸ் வெல்ஸ்ங்கிற அமெரிக்கப் பல் டாக்டர், அப்படி ஒரு கேளிக்கைக் காட்சியில் காலில் அடிபட்ட ஒருத்தர் வலியே தெரியாம உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். மறுநாளே தன் பல்லைப் பிடுங்கிப் பார்த்துட்டார்! அடுத்த மாசம் பாஸ்டனில் செஞ்சு காட்டினப்போ நோயாளி கத்திட, கூட்டம் கேலி பண்ணுச்சு. 1848-ல் தற்கொலை செஞ்சுக்கிட்டார். மருத்துவ வரலாற்றில் என்னை ரொம்பக் கஷ்டப்படுத்துற கதைகளில் ஒண்ணு.

இந்த வாயுவின் எடையில் 36 சதவீதம் ஆக்சிஜன். காற்றில் 23 சதவீதம்தான். ஆனா இதை மட்டும் சுவாசிச்சா மனுஷன் மூச்சுத் திணறிச் சாவான். அந்த ஆக்சிஜன் பூட்டி வச்ச பெட்டியில் இருக்கு, உடம்புச் சூட்டில் அந்தப் பூட்டு திறக்காது. அந்தக் காலத்தில் சுத்தமான நைட்ரஸ் கொடுத்த நோயாளிங்க நீலம் பூத்துப் போனாங்க. 1868-ல் சிகாகோவின் எட்மண்ட் ஆண்ட்ரூஸ் கூடவே ஆக்சிஜனும் கலந்து கொடுத்ததுதான் திருப்புமுனை.

பூட்டு திறக்க ரொம்ப அதிகமான சூடு வேணும். அந்தச் சூடு எங்கே கிடைக்கும்? எஞ்சின் சிலிண்டருக்குள்ளே.

இதை முதலில் பெரிய அளவில் பயன்படுத்தியது இரண்டாம் உலகப்போரின் ஜெர்மன் விமானப்படை. ஜி.எம்-1ன்னு பேரு. மெஸ்ஸர்ஷ்மிட் 109 மாதிரி விமானங்களில் திரவ நைட்ரஸ் தொட்டி வச்சாங்க. ரொம்ப உயரத்தில் காற்று மெலிஞ்சு எஞ்சின் மூச்சு வாங்கும்போது திறந்து விடுவாங்க. 1944-ல் பிரிட்டிஷ்காரங்களும் சில மஸ்கிட்டோ இரவு விமானங்களில் இதையே செஞ்சாங்க.

ஒரு வித்தியாசத்தைக் கவனிங்க. விமானத்தில், உயரம் பறிச்சுக்கிட்ட ஆக்சிஜனைத் திருப்பிக் கொடுத்தாங்க. கிட்டத்தட்ட நாங்க மலையேறிகளுக்கு மாஸ்க் மாட்டுற மாதிரி. தரையில் ஓடும் காருக்கு மூச்சுத் திணறலே இல்லை. ஏற்கெனவே வயிறு முட்டச் சாப்பிட்டவனுக்கு இன்னொரு இலை போடுற கதை அது.

அமெரிக்க ரேஸ்காரங்க அந்த இலையைப் போட்டாங்க. 1976 டேட்டோனா தகுதிச் சுற்றில் முதலிரண்டு இடம் பிடிச்ச ஃபாய்ட், வால்ட்ரிப் ரெண்டு பேரின் நேரமும் நைட்ரஸ் சந்தேகத்தில் ரத்தாச்சு. 1978-ல் நைட்ரஸ் ஆக்சைடு சிஸ்டம்ஸ் கம்பெனி வந்து, கிட்டாவே கடையில் விற்க ஆரம்பிச்சது. 2001-ல் ஹாலிவுட் படத்தில் பட்டனை அமுக்கினதும் கார் பறந்ததைப் பார்த்திருப்பீங்க. பட்டனுக்குப் பின்னால் என்ன நடக்குதுன்னு இப்போ பார்ப்போம்.

ஆக்சிஜன் கூடினா, கூடவே பெட்ரோலும் கூட்டியாகணும். இல்லைன்னா பிஸ்டன் உருகும். ரெண்டும் கூடினா சுடர் வேகமாப் பரவும். பழைய டைமிங்கிலேயே பொறி விட்டா, பிஸ்டன் உச்சிக்கு வர்றப்பவே அழுத்தம் எகிறிடும். மூலையில் எரியாம மிச்சமிருக்கும் கலவை தானாகவே தீப்பிடிச்சு சுத்தியல் மாதிரி அடிக்கும். இதுதான் நாக்கிங். (இதே நாக்கிங்கை அடக்கத்தான் 1921-ல் தாமஸ் மிட்ஜ்லி பெட்ரோலில் ஈயம் கலக்கலாம்னு கண்டுபிடிச்சார். அந்த ஈயம் உலகம் முழுக்கக் குழந்தைகள் ரத்தத்தில் ஏறினது தனி த்ரெட். இந்தியாவில் அது நின்னது 2000-ல்.)

அதனால நைட்ரஸ் போட்டா பொறியைத் தாமதிக்கணும். பழைய அமெரிக்க வி8 எஞ்சின்காரங்களோட கைக்கணக்கு: கூட்டுற ஒவ்வொரு 50 குதிரைத்திறனுக்கும் 2 டிகிரி குறைக்கணும். 34 டிகிரி அட்வான்ஸில் ஓடும் எஞ்சினுக்கு 150 கூட்டினா 28-க்கு இறக்கணும். இது எல்லா எஞ்சினுக்கும் பொருந்தும் சூத்திரம் இல்லை. புது எஞ்சின்களில் சுடர் ஏற்கெனவே வேகம், அட்வான்ஸும் குறைவு. ரொம்பக் குறைச்சாலும் வம்பு: கலவை தாமதமா எரிஞ்சு, சூடு சைலன்சர் வழியா வெளியே போகும், சக்தி வீணாகும்.

சரியான அளவை எப்படித் தெரிஞ்சுக்கிறாங்க? ஒரு ஓட்டம் ஓட்டிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி லென்ஸ் வச்சுப் பார்ப்பாங்க. வெள்ளைப் பீங்கானில் பொடிப்பொடியா அலுமினியத் துகள் ஒட்டியிருந்தா, பிஸ்டன் அரிக்க ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். நாங்க ஸ்லைடில் ரத்தத் துளியைப் பார்த்து நோயைச் சொல்ற மாதிரிதான்.

இன்னொரு ஒற்றுமை. நைட்ரஸ் சிலிண்டரில் பிரஷர் மீட்டரை நம்பக் கூடாதுன்னு மயக்கவியலில் முதல் வகுப்பிலேயே சொல்லித் தருவாங்க. உள்ளே திரவம் இருக்கும் வரை முள் அசையாது. எவ்வளவு மிச்சம்னு தெரிய எடைதான் போடணும். ரேஸ்காரங்களும் தராசில்தான் வைக்கிறாங்க.

ஆனா ரெண்டு சிலிண்டரிலும் இருக்கிறது ஒண்ணு இல்லை. கார் நைட்ரஸில் கொஞ்சம் கந்தக டை ஆக்சைடு கலந்திருப்பாங்க, யாரும் போதைக்கு இழுக்கக் கூடாதுன்னு. நெஞ்சு எரியும், இருமல் நிக்காது. அது கலக்காத வாயுவை பலூனில் அடிச்சு வாரக்கணக்கில் இழுக்கிறவங்களுக்கு உடம்பில் வைட்டமின் பி12 செயலிழந்து, தண்டுவடம் பாதிச்சு, கால் மரத்து நடை தள்ளாடும். பிரிட்டன் 2023 நவம்பரில் இதைத் தடை செய்யப்பட்ட போதைப் பட்டியலில் சேர்த்தது. உங்க வீட்டுப் பசங்க யாராவது காலில் ஊசி குத்துற மாதிரி இருக்குன்னு சொல்லி டாக்டர்கிட்ட போனா, பலூன் இழுத்ததையும் மறைக்காம சொல்லச் சொல்லுங்க. நாங்க திட்ட மாட்டோம். ரத்தத்தில் பி12 அளவு நார்மல்னு வந்தாலும் வேற எதைத் தேடணும்னு எங்களுக்குத் தெரியும்.