தோல் மண்டியிலிருந்து சட்டமன்றத்திற்கு: காயிதே மில்லத்தின் சென்னைச் சட்டமன்ற ஆண்டுகள்

காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் ஸாஹிப் அவர்களைப் பற்றி நம்மிடையே எழுதப்பட்டவை பெரும்பாலும் இரண்டு காலங்களைச் சுற்றியே அமைந்துள்ளன. ஒன்று, அரசமைப்பு நிர்ணய சபையில் அவர்கள் ஆற்றிய உரைகளின் காலம். மற்றொன்று, மஞ்சேரித் தொகுதியிலிருந்து 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களில் தொடர்ந்து வென்று மக்களவையில் வீற்றிருந்த காலம். இவ்விரண்டுக்கும் முன்னோடியாகவும் அடித்தளமாகவும் அமைந்தவை, 1946 முதல் 1952 வரை சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் அவர்கள் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஆண்டுகள். அவ்வாண்டுகளுக்கும் முன்னால் நிற்பது அவர்களுடைய வணிக வாழ்க்கை. இவ்விரண்டையும் இணைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வணிகப் பின்புலம்

திருநெல்வேலிப் பேட்டையில் 1896 ஜூன் 5 அன்று இஸ்மாயீல் ஸாஹிப் பிறந்தார்கள். தந்தையார் மௌலவி மியாகான் ராவுத்தர் மார்க்கக் கல்வியும் துணி வணிகமும் ஒருங்கே கைவரப் பெற்றவர். ஆலிமாக இருப்பவர் தம் கையுழைப்பிலும் வணிகத்திலும் வாழ்வது அக்காலத் தமிழ் முஸ்லிம் ஊர்களில் இயல்பான ஒன்று. தந்தையை இளமையிலேயே இழந்த மகனுக்கு முதல் ஆசிரியையாக விளங்கியவர் தாயார். பின்னர் கல்லூரிக் கல்வி பெற்ற இஸ்மாயீல் ஸாஹிப், 1920இல் ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்று, பி.ஏ. தேர்வை எழுதாமலேயே வெளியேறினார்கள்.

பட்டம் இல்லாத அவ்விளைஞருக்கு வாழ்வு தந்தது சென்னையின் தோல் வணிகம். அன்று அத்துறையில் முன்னணியில் நின்றவர் ஜமால் முஹம்மது ஸாஹிப். அவர்களது நிறுவனத்தில் இணைந்து தொழிலின் நுணுக்கங்களைக் கற்ற இஸ்மாயீல் ஸாஹிப், காலப்போக்கில் தோல் வணிகர்களின் பிரதிநிதியாகப் பேசும் நிலைக்கு உயர்ந்தார்கள்.

இவ்வணிகத்தின் தன்மையை இங்கே சற்று விளக்குதல் தகும். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, திருச்சி, திண்டுக்கல் ஆகிய ஊர்களில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடப்பட்ட தோல்கள் சென்னைப் பெரியமேட்டு மண்டிகளுக்கு வந்து, தரம் பிரிக்கப்பட்டு, இலண்டன் சந்தைக்குக் கப்பலேறின. கிராமத்தில் தோலைச் சேகரிப்பவர், பதனிடும் தொழிலாளி, முன்பணம் தரும் மண்டிக்காரர், ஏற்றுமதி செய்யும் நிறுவனம் என்று பல சமயத்தாரும் பல சாதியாரும் ஒரே சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தனர். வாக்குறுதி பிறழ்ந்தால் அச்சங்கிலி அறுந்துவிடும். விற்கும் பொருளின் குறையை மறைக்காது சொல்லுதல், நிபந்தனைகளை ஒப்பந்தத்திற்கு முன்பே தெளிவுபடுத்துதல் என ஃபிக்ஹு நூல்களின் வணிக இயல் கற்பிக்கும் ஒழுங்குகள் அங்கே அன்றாடத் தேவைகளாக இருந்தன. இப்பயிற்சியின் சாயலை அவர்களது சட்டமன்ற வாழ்விலும் நாம் காண்கிறோம்.

எதிர்க்கட்சித் தலைவர்

1935ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டப்படி அமைந்த சென்னைச் சட்டமன்றத்தில் மொத்த இடங்கள் 215. அன்றைய வாக்குரிமை சொத்து, வரி, கல்வி ஆகியவற்றை அளவுகோலாகக் கொண்டது. முஸ்லிம்கள் தனித்தொகுதி முறையில் வாக்களித்தனர். 1946ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரஸ் பெரும்பான்மை பெற்றது. 28 இடங்களைப் பெற்ற முஸ்லிம் லீக் இரண்டாவது பெரிய கட்சியாயிற்று. இஸ்மாயீல் ஸாஹிப் எதிர்க்கட்சித் தலைவரானார்கள். பிரகாசம், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், குமாரசாமி ராஜா என அடுத்தடுத்து மூவர் தலைமையில் அமைந்த அமைச்சரவைகளை அவர்கள் எதிர்கொண்டார்கள்.

1947 ஆகஸ்டுக்குப் பின் நிலைமை முற்றிலும் மாறியது. நாடு பிரிந்தது. லீக் என்ற பெயரே ஐயத்திற்குரியதாயிற்று. இயக்கத்தைக் கலைத்துவிடலாம் என்ற கருத்து முஸ்லிம் தலைவர்களிடையே கூட வலுவாக ஒலித்தது. 1947 டிசம்பரில் கராச்சியில் கூடிய அகில இந்திய முஸ்லிம் லீக் கவுன்சில், இரு நாடுகளுக்கும் இரு அமைப்புகள் என முடிவு செய்தபோது, இந்தியப் பகுதியின் அமைப்பாளராக இஸ்மாயீல் ஸாஹிபையே தேர்ந்தது. 1948 மார்ச் 10 அன்று, இன்று ராஜாஜி மண்டபம் என அறியப்படும் சென்னை மண்டபத்தில் கூடிய கூட்டத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் உருவாயிற்று.

அந்நாளில் ஆட்சியுடன் இணைந்துவிடுவது எளிய வழி. அரசியலைத் துறந்து தோல் மண்டிக்கே திரும்பிவிடுவது அதனினும் எளிது. அவர்களோ இரண்டையும் தவிர்த்து, மன்றத்தின் எதிர்வரிசையில் அமர்ந்து சட்டத்தின் மொழியில் பேசும் வழியைத் தேர்ந்தார்கள்.

1949ஆம் ஆண்டின் 18ஆவது சட்டம்

அச்சட்டமன்றத்தின் காலத்தில் நிறைவேறிய சட்டங்களுள் நம் சமூகம் அதிகம் நினைவுகூராத ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும்.

1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம், முஸ்லிம்களின் வாரிசுரிமை முதலிய விவகாரங்களில் ஊர் வழக்கத்தை நீக்கி ஷரீஅத்தை நிலைநிறுத்தியது. எனினும் அதில் பெரியதோர் இடைவெளி இருந்தது. விவசாய நிலம் அதன் வரம்பிற்கு வெளியே விடப்பட்டது. விவசாய நிலத்தின் வாரிசுரிமை 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி மாகாணங்களின் அதிகாரத்திற்கு உட்பட்டிருந்தமையால், மத்திய சட்டமன்றம் அதில் கைவைக்க இயலவில்லை. இதன் விளைவு யாதெனில், வீட்டிலும் கடையிலும் ஷரீஅத் செல்லும். வயலில் மட்டும், பெண்ணுக்குப் பங்கில்லை என்ற ஊர் வழக்கம் இருந்ததாக நீதிமன்றத்தில் நிறுவிவிட்டால் அதுவே மேலோங்கும். செல்வத்தின் பெரும்பகுதி நிலமாக இருந்த காலத்தில் இது மகளின் உரிமையை ஏட்டளவில் நிறுத்திவிடக் கூடியது.

இந்த இடைவெளியை அடைத்தது சென்னை மாகாணத்தின் 1949ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், அதாவது அவ்வாண்டின் 18ஆவது சட்டம். விவசாய நிலத்திற்கும் ஷரீஅத் வாரிசுரிமை பொருந்தும் என அது வகுத்தது. இஸ்மாயீல் ஸாஹிப் எதிர்க்கட்சித் தலைவராக விளங்கிய மன்றம் இயற்றிய சட்டம் அது. மாகாணச் சட்டமன்றம் ஒரு சமூகத்தின் இல்லற வாழ்வை எத்துணை ஆழமாகத் தொட முடியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நிர்ணய சபையில்

இதே ஆண்டுகளில் அவர்கள் அரசமைப்பு நிர்ணய சபையிலும் உறுப்பினராக இருந்தார்கள். 1948 நவம்பர் 23 அன்று பொதுச் சிவில் சட்டம் குறித்த விவாதத்தில், தனக்கெனத் தனியார் சட்டம் உடைய எந்தச் சமூகத்தையும் அதைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தலாகாது என்ற திருத்தத்தை முன்மொழிந்தார்கள். அது ஏற்கப்படவில்லை. 1949 மே மாதத்தில் தனித்தொகுதி முறையைத் தக்கவைக்கக் கோரினார்கள். அதுவும் தோற்றது. பேகம் ஐஸாஸ் ரசூல் போன்ற முஸ்லிம் உறுப்பினர்களே சிறுபான்மை ஒதுக்கீடுகளை எதிர்த்து நின்றனர். சர்தார் படேலின் மறுப்பும் கடுமையாக இருந்தது. ஆட்சிமொழி விவாதத்தில், தொன்மைதான் அளவுகோல் என்றால் திராவிட மொழிகளுக்கு, குறிப்பாகத் தமிழுக்கு, உரிய இடத்தை அவர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

தனித்தொகுதிக் கோரிக்கை சரியானதா என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம். பெரும்பான்மையினரின் நல்லெண்ணத்தை ஈட்ட அது தடையாக இருந்தது என்பார் வாதத்தைப் புறக்கணிக்க இயலாது. ஆயினும் அவர்களது அணுகுமுறை சிந்திக்கத்தக்கது. அரசமைப்பை அவர்கள் ஓர் உடன்படிக்கையாகக் கண்டார்கள். உடன்படிக்கை எழுதப்படும் வேளையில்தான் நிபந்தனையைச் சொல்ல வேண்டும். எழுதி முடித்தபின் முணுமுணுப்பதில் பயனில்லை. தம் கோரிக்கைகள் தோற்ற பின்னர் அதே அரசமைப்பின் கீழ்த் தேர்தல்களைச் சந்தித்தார்கள். 1952 முதல் 1958 வரை மாநிலங்களவையில் பணியாற்றினார்கள். சொன்ன நிபந்தனை ஏற்கப்படாவிடினும் செய்த உடன்படிக்கையை முறிக்காத வணிகரின் நேர்மை இது.

எஞ்சி நிற்பது

1972 ஏப்ரல் 5 அன்று அவர்கள் மறைந்தார்கள். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள். அவர்கள் பெயரால் சென்னையில் அரசினர் மகளிர் கல்லூரி திகழ்கிறது.

ஆனால் நினைவுச் சின்னங்களினும் கனமானதொரு கேள்வி நம்முன் உள்ளது. வயலிலும் மகளுக்குப் பங்கு உண்டு என்று சட்டம் வகுத்து முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. இன்றும் நம் ஊர்களில் சீர்வரிசையைக் காரணம் காட்டி, உடன்பிறந்தாளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் பெறும் குடும்பங்கள் உண்டு. தனியார் சட்டத்திற்கு ஊறு நேருமோ என அஞ்சி மேடையில் முழங்கும் நாம், அதே சட்டம் பெண்ணுக்கு அளித்த பங்கை வீட்டிற்குள் மறுப்போமாயின், மன்றத்தில் தனித்து நின்று வாதாடிய அம்மனிதரின் உழைப்புக்கு என்ன மதிப்பளித்தவர்களாவோம்? சட்டமன்றம் தன் பங்கைச் செய்துவிட்டது. எஞ்சியது நம்மிடம் உள்ள அமானத். அதை உரியவரிடம் ஒப்படைக்கும் உறுதியை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக.