கடலைத் தொலி யாருக்குச் சொந்தம்?

கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் பருப்பைப் பற்றிப் பேசினார்கள், வெல்லத்தைப் பற்றிப் பேசினார்கள். தொலியைப் பற்றிப் பேச ஆளில்லை.

தென் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர் நிலக்கடலை. 100 கிலோ காயை உடைத்தால் ஏறக்குறைய 70 கிலோ பருப்பு, மீதி தொலி. என் சிறுவயதில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கையால்தான் உடைப்பார்கள். தொலியில் பாதி அடுப்புக்குப் போகும். மீதி குப்பைக்குழியில் மட்கி, மறு வருஷம் உரமாகப் புஞ்சைக்கே திரும்பும்.

உடைக்கிற மில் வந்தபின் கதை மாறியது. காய் மூட்டை போகும், பருப்பு மட்டும் வீடு வரும். அம்மா கேட்டதற்கு, "தொலி குப்பைதானே, கிடந்துட்டுப் போகுது" என்றார் அப்பா.

அந்தக் குப்பைக்குத்தான் பின்னாளில் விலை வந்தது. செங்கல் சூளைக்கும் பாய்லருக்கும் அது எரிபொருள். அழுத்திக் கட்டியாக்கியும் விற்கிறார்கள். நம் கரிசலுக்கோ மட்கு போதாமல் போனது. தொலியை மூடாக்காகப் பரப்பினால் ஈரம் காயாது. மட்கினால் மண் பொலபொலப்பாகும். மானாவாரிக்காரனுக்கு ஈரம்தானே உயிர்!

இனிமேல் காய் உடைக்கக் கொடுத்தால், தொலியையும் கேட்டு வாங்கி வாருங்கள்.