தகட்டு வேலையின் காரண நூல்கள்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

உலோகத்தைத் தகடாக்கி, அத்தகட்டை அடித்துக் கலமாக்கும் தொழில் இந்திய நிலப்பரப்பில் நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொன்மை உடையது. சிந்துவெளி நகரங்களில் செம்புத் தகட்டை அடித்து எழுப்பிய கலங்கள் கிடைத்துள்ளன. இத்தொழிலின் அடிப்படை இயல்புகள் இரண்டு. குளிர்ந்த நிலையில் அடிக்க அடிக்கத் தகடு இறுகும். அளவு கடந்தால் வெடிக்கும். இறுகிய தகட்டை நெருப்பில் காய்ச்சினால் மீண்டும் இளகிய பதத்திற்கு வரும். தகட்டு வேலை செய்யும் கைவினைஞர் அனைவரும் அறிந்த இவ்வுண்மைகளுக்குரிய காரணம் நூல்வடிவம் பெற்ற வரலாற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆய்வு வசதி கருதித் தொழில்நூல்கள் ‘எவ்வாறு’ என்பதைக் கூறும் செய்முறை நூல், ‘ஏன்’ என்பதைக் கூறும் காரண நூல் என இருவகையாக இங்குப் பகுக்கப்படுகின்றன.

இந்திய மரபில் தகட்டு வேலை

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை மருவூர்ப்பாக்கத்துத் தொழிலாளரைப் பட்டியலிடும்போது வெண்கல வேலை செய்வோரையும் செம்பு வேலை செய்வோரையும் தனித்தனியே குறிக்கிறது. இருவேறு உலோகங்கள் இருவேறு கைப்பயிற்சியை வேண்டியமையே இப்பாகுபாட்டிற்குக் காரணமாகலாம் எனக் கருத இடமுண்டு. வடமொழி இரசவாத நூலாகிய இரசரத்ன சமுச்சயம் நல்ல செம்பின் இயல்புகளுள் ஒன்றாகச் சம்மட்டி அடியைத் தாங்கும் தன்மையைக் கூறுகிறது. இயல்பு இங்கே கூறப்பட்டுள்ளதே அன்றி, அதன் காரணம் வினவப்படவில்லை.

இம்மரபு இன்றும் வாய்மொழியாகத் தொடர்வதற்குப் பஞ்சாப் மாநிலம் அமிர்தசரஸ் மாவட்டத்து ஜண்டியாலா குரு என்னும் ஊர் தக்க சான்றாகும். அங்கு வாழும் டட்டேரா எனப்படும் கைவினைஞர் பித்தளை, செம்புக் கட்டிகளை மெல்லிய தகடாக்கி, சுத்தியலால் குழிவுபடுத்திக் கலங்களாக்குகின்றனர்; விறகு அடுப்பும் துருத்தியும் கொண்டு சூட்டை அளவறிந்து காக்கின்றனர்; மணலும் புளியும் கொண்டு துலக்குகின்றனர். 2014ஆம் ஆண்டு யுனெஸ்கோ இத்தொழிலை மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. தந்தையிடமிருந்து மகனுக்கு வாய்மொழியாக வரும் அறிவு இது.

செய்முறை நூல்கள்

ஐரோப்பாவிலும் எழுதப்பட்ட நூல்கள் நெடுங்காலம் செய்முறை நூல்களாகவே இருந்தன. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தியோபிலஸ் என்னும் புனைபெயர் கொண்ட துறவி இலத்தீனில் இயற்றிய ‘பல்வகைக் கலைகள்’ என்ற நூலின் மூன்றாம் பகுதி உலோக வேலையைப் பற்றியது. மெல்லிய தகட்டைத் தட்டிப் புடைப்புருவம் எழுப்பும் முறையும் இடையிடையே அதனை நெருப்பில் காட்டும் முறையும் அதில் இடம்பெற்றுள்ளன. வன்னோச்சியோ பிரிங்குச்சியோ இத்தாலிய மொழியில் எழுதிய ‘பைரோடெக்னியா’ 1540இல் வெனிசில் வெளிவந்தது. அதன் ஒன்பதாம் பகுதி பொற்கொல்லர், செப்புக் கன்னார், கம்பி இழுப்போர் முதலியோரின் தொழில்களைப் பேசுகிறது. 1568இல் வெளிவந்த பென்வெனுட்டோ செல்லினியின் நூல் வெள்ளித் தகட்டிலிருந்து கலம் எழுப்பும் முறையைத் தம் பட்டறை அனுபவத்தோடு விளக்குகிறது. திதெரோவின் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியம் செப்புக் கன்னாரின் கருவிகளைப் படங்களாகவே தந்தது.

இந்நூல்கள் அனைத்தும் ‘காய்ச்சு, அடி, மீண்டும் காய்ச்சு’ என்றே கூறுகின்றன. கைவினைஞர் நாவில் இருந்ததை இவை ஏட்டில் ஏற்றின. காய்ச்சிய தகடு இளகுவது ஏன் என்ற வினாவிற்கு விடை கூறும் கருவி அக்காலத்தில் இல்லை.

காரண நூல்களின் தோற்றம்

காரண ஆராய்ச்சி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரு திசைகளிலிருந்து தொடங்கியது. முதலாவது இயந்திரவியல். பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி திரெஸ்கா திண்மப் பொருளும் அழுத்தத்தின்கீழ்ப் பாய்கிறது என்பதைச் சோதனைகளால் காட்டி, 1864இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் அறிவித்தார். இரண்டாவது நுண்ணோக்கி. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹென்றி கிளிஃப்டன் சோர்பி 1863 முதல் மெருகிட்டு அமிலம் தடவிய உலோகப் பரப்பை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். உலோகம் சிறுசிறு படிகங்களின் தொகுதி என்பதை நேரில் காணும் வழி இதனால் திறந்தது.

இவ்விரு வழிகளும் 1899இல் சந்தித்தன எனலாம். கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் ஈவிங், வால்ட்டர் ரோசன்ஹைன் ஆகிய இருவரும் இழுக்கப்பட்ட உலோகத்தின் படிகங்களில் மெல்லிய கோடுகள் தோன்றுவதைக் கண்டனர். அடுக்கிய சீட்டுக்கட்டு சரிவதுபோலப் படிகத்தின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுவதாலேயே உலோகம் வடிவம் மாறுகிறது என்பது அவர்கள் கண்ட விளக்கம். தகடு கிழியாமல் கிண்ணமாக வளைவதன் காரணம் இவ்வாறு முதன்முதலில் புலப்பட்டது.

எனினும் ஒரு முரண் எஞ்சியது. ஓர் அடுக்கு முழுவதும் ஒரே நேரத்தில் நழுவத் தேவையான விசையை யாக்கோவ் பிரெங்கல் 1926இல் கணக்கிட்டார். நடைமுறையில் உலோகம் அதனினும் பன்மடங்கு குறைந்த விசைக்கே வளைகிறது. 1934இல் ஜெஃப்ரி டெய்லர், எகான் ஓரோவான், மைக்கேல் போலானி ஆகிய மூவரும் தனித்தனியே இம்முரணுக்கு விடை கண்டனர். அணுக்களின் ஒழுங்கில் வரிசைப் பிறழ்வுகள் உள்ளன. அவை நகர்வதால் நழுவல் நிகழ்கிறது. விரித்த பெரிய ஜமுக்காளத்தை ஒருசேர இழுப்பது கடினம். அதில் ஒரு மடிப்பை உண்டாக்கித் தள்ளிச் செல்வது எளிது. பிறழ்வின் செயலும் அத்தகையதே. 1956இல் மின்னணு நுண்ணோக்கி வழியே இப்பிறழ்வுகள் நகர்வதும் நேரில் காணப்பட்டது.

இதனால் கைவினைஞரின் இரு உண்மைகளும் விளக்கம் பெற்றன. காய்ச்சி ஆறிய உலோகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் பத்து லட்சம் முதல் பத்துக் கோடி வரையிலான பிறழ்வுகள் உள்ளன. கடுமையாக அடித்த பின் இவ்வெண்ணிக்கை பத்தாயிரம் கோடியைக் கடக்கிறது. பெருகிய பிறழ்வுகள் ஒன்றோடொன்று சிக்கி நகர இயலாமையே தகட்டின் இறுக்கம். போதிய சூடு கிடைத்ததும் சிக்கலற்ற புதிய படிகங்கள் பழையவற்றின் இடத்தில் தோன்றி வளர்வதே இளக்கம். உருகுநிலைக்கு மிகக் கீழேயே இம்மாற்றம் நிகழ்வதால் கலத்தின் வடிவம் குலைவதில்லை.

இந்தியாவோடு இணைந்த இரு சான்றுகள்

காரண அறிவின் பயனை இந்தியாவோடு தொடர்புடைய இரு சான்றுகள் உணர்த்துகின்றன. முதலாவது பித்தளைத் தோட்டா. தோட்டாவின் உறை, பித்தளைத் தகட்டைக் குளிர்நிலையில் அச்சில் இழுத்துக் குழலாக்கியது. பிரித்தானிய இந்தியப் படையின் தோட்டாக்கள் மழைக்காலத்தில், குதிரை லாயங்களில் வைக்கப்பட்டிருந்தபோது, தாமாகவே வெடிப்புக் கண்டன. பருவ வெடிப்பு என இது பெயர் பெற்றது. மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் 1921இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. அச்சில் இழுத்தபோது உறையினுள் தங்கிய இழுவிசையும் காற்றில் பரவிய அம்மோனியாவும் ஒன்றுசேர்வதே காரணம். மிதமான சூட்டில் காய்ச்சி அவ்விசையைத் தணித்தால் வெடிப்பு தவிர்க்கப்படும். லாயத்துக் குதிரை மூத்திரமே அம்மோனியாவின் பிறப்பிடம். காரணம் தெரிந்ததும் தீர்வு ஒரு சூடேற்றலில் அமைந்தது.

இரண்டாவது வெண்கலம். ஆதிச்சநல்லூர், நீலகிரி ஆகிய இடங்களின் பண்டைய அடக்கப் புதையல்களில் கிடைத்த மெல்லிய வெண்கலக் கலங்களை சாரதா ஸ்ரீநிவாசன் ஆராய்ந்துள்ளார். ஏறத்தாழ 22 முதல் 24 விழுக்காடு வெள்ளீயம் கலந்த இவ்வெண்கலம் குளிர்நிலையில் அடித்தால் நொறுங்கும். செஞ்சூட்டில் மட்டுமே அடிக்கலாம். அடித்த கலத்தைச் சூட்டோடு நீரில் அமிழ்த்தினால் சூட்டுநிலைப் படிக அமைப்பு உறைந்து நின்று நொறுங்கும் இயல்பு குறைகிறது. செம்புக்கும் பித்தளைக்கும் உரிய முறைக்கு இது நேர்மாறானது. ஒரே சுத்தியல் இரு உலோகங்களில் இரு விதிகளைப் பின்பற்ற வேண்டியதைப் பண்டைய தென்னிந்தியக் கொல்லர் அறிந்திருந்தனர். சிலப்பதிகாரம் காட்டும் பாகுபாட்டை இப்பின்னணியில் மீள்நோக்குதல் தகும்.

நூலகத்தில் காரண நூல்கள்

20ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இவ்வறிவு பாடநூல்களாகத் தொகுக்கப்பட்டது. ரோட்னி ஹில்லின் நெகிழ்ச்சிக் கணிதக் கோட்பாட்டு நூல் 1950இலும், ஜார்ஜ் டீட்டரின் இயந்திர உலோகவியல் நூல் 1961இலும் வெளிவந்தன. 1960களில் ஸ்டூவர்ட் கீலரும் கார்ட்டன் குட்வினும் தகட்டின் மேல் சிறு வட்டங்களைப் பொறித்து, அவை நீள்வட்டமாக மாறும் அளவைக் கொண்டு தகடு கிழியும் எல்லையை வரைபடமாக்கினர். மார்சினியாக்கும் டங்கனும் எழுதி 1992இல் வெளிவந்த நூல் தகட்டு உருவாக்கத்தின் இயந்திரவியலை மட்டுமே பொருளாகக் கொண்டது. மறுபுறம், கைவினைஞருக்கென ஓப்பி உன்ட்ராக்ட் 1968இல் வெளியிட்ட விரிவான நூல் செய்முறை மரபைத் தொடர்ந்தது.

இவ்விரு மரபுகளும் நூலக அடுக்குகளிலும் பிரிந்தே நிற்கின்றன. ட்யூயி பதின்மப் பகுப்பில் உலோக வேலை 671இலும், கலை உலோக வேலை 739இலும், உலோகவியல் 669இலும், பொருள்களின் இயந்திரவியல் 620.1இலும் அமைகின்றன. தகட்டு வேலை என்னும் பெயரைக் கொண்டு தேடுபவர் முதல் இரண்டு அடுக்குகளையே அடைவர். அவர் தேடும் காரணம் பின்னிரண்டு அடுக்குகளில், தகடு என்ற சொல் இடம்பெறாத தலைப்புகளின்கீழ் உள்ளது. மேற்குறித்த காரண நூல்கள் ஐரோப்பிய மொழிகளில் எழுதப்பட்டவை. கணிதப் பயிற்சி உடைய பொறியியல் மாணவரை முன்னிலைப்படுத்துபவை. ஜண்டியாலா குருவின் கைவினைஞருக்கும் கும்பகோணத்துப் பாத்திரத் தொழிலாளிக்கும் இவை இருமடங்கு தொலைவில் உள்ளன.

சொல்லும் பொருளும்

இத்தொலைவைக் குறைப்பதில் மொழித்துறைக்கும் பங்குண்டு. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் தமிழ்வழிப் பொறியியல் வகுப்புகளைத் தொடங்கியது. 2021இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு இந்திய மொழிகளில் பொறியியல் கற்பிக்க இசைவளித்தது. பாடநூல்கள் பெருகும் இந்நிலையில் கலைச்சொல் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பது முக்கியமாகிறது. சான்றாக, காய்ச்சி இளக்குதலைப் ‘பதப்படுத்தல்’ என மொழிபெயர்த்தால், தோல் பதனிடுதலும் உணவைக் கெடாமல் காத்தலும் அதனோடு மயங்குகின்றன. ‘பதம்’ என்ற சொல்லோ அடிக்க உகந்த நிலையையும் அந்நிலையை அறியும் கைத்திறனையும் ஒருங்கே குறிக்க வல்லது. பதம் ஏறுதல், பதம் தப்புதல் போன்ற வழக்குகளைப் பட்டறைகளில் தொகுத்து, அவற்றின்மேல் காரண விளக்கத்தை அமைத்தால் கலைச்சொல் கற்பவருக்கு அயன்மை தராது.

முடிவுரை

தகட்டு வேலையின் செய்முறை நூல்கள் ஐரோப்பாவில் 12ஆம் நூற்றாண்டு முதல் காணப்படுகின்றன. காரண நூல்கள் 1864க்கும் 1934க்கும் இடைப்பட்ட எழுபது ஆண்டு ஆராய்ச்சியின் விளைவாக உருவாயின. இந்தியக் கைவினை மரபு செய்முறையைத் துல்லியமாக அறிந்திருந்தும் அதனை வாய்மொழியிலேயே காத்தது. காரண அறிவோ அக்கைவினைஞரின் மொழிகளை இன்னும் முழுமையாக வந்தடையவில்லை. வாய்மொழித் தொடர்ச்சி ஒரு தலைமுறை அறுந்தால் செய்முறையும் மறையும். ஆகவே பட்டறை வழக்குச் சொற்களைத் தொகுத்தலும், அச்சொற்களைக் கொண்டே காரண நூல் இயற்றுதலும் தமிழ் ஆய்வாளர் உலோகவியலாளரோடு இணைந்து மேற்கொள்ளத்தக்க உடனடிப் பணிகளாகும்.